சாம்பியாவில் வளர்ந்தவர்களின் ஒன்றுகூடல்: 25 பேருக்கு ன்ஷிமா செய்வது எப்படி?

கிட்வே_ஸ்காபரோ:

வணக்கம். தாய் தகப்பன் ஆசிரியராகவும் கணக்காளராகவும் ஒப்பந்தத்தில சாம்பியா போன காலத்தில கிட்வே, ந்டோலா, லுவான்ஷா பக்கம் வளர்ந்த பிள்ளைகள் ரொறன்ரோவில கொஞ்சப் பேர் இருக்கினம். எல்லாருக்கும் இப்ப ஐம்பது தாண்டிட்டுது. ஒக்டோபர் 24, சாம்பியாச் சுதந்திர தினத்தை ஒட்டி ஒரு ஒன்றுகூடல் வைக்கிறம். புரியாணியும் கொத்துரொட்டியும் வேண்டாம், சின்ன வயசில அங்கை சாப்பிட்டதுதான் வேணும் எண்டு எல்லாரும் ஒரே பிடி. ன்ஷிமா எண்ட மக்காச்சோளக் களி, கீரையும் கச்சானும் போட்ட இஃபிசாஷி, கப்பெண்டா எண்ட சின்ன உலர்மீன். மொத்தம் 25 பேர். அதில 8 பேர் இங்கை பிறந்த பிள்ளைகள்.

இங்கத்தைய கடையில வாற மஞ்சள் கோர்ன்மீலில செய்தால் நறநறக்குது, இனிப்பும் தட்டுது. கொதிதண்ணிக்குள்ள மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாத் திரளுது. கட்டி இல்லாமல் வந்தாலும் ஒரு பச்சை மணம் போகுதில்லை. எந்த மாவு வாங்கவேணும், 25 பேருக்கு எவ்வளவு, கீரைக்கு இங்கை என்ன இலை சரி, கப்பெண்டா கிடைக்காட்டி நெத்தலிக் கருவாடு பாவிக்கலாமா? லுசாக்காவில இருந்து வாற ஒருத்தர் சிக்காண்டா எண்ட கிழங்கு மாவு கொண்டு வாறன் எண்டு சொல்லுறார். அதை விமானத்தில கொண்டு வரலாமா எண்டும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

லெஸ்டர்_அடுப்படி:

முதலில் மாவு. ன்ஷிமாவுக்கு வேண்டியது வெள்ளை மக்காச்சோள மாவு. சாம்பியாவில் அதை மீலி மீல் என்பார்கள். ஆப்பிரிக்கக் கடைகளில் தென்னாப்பிரிக்காவின் இவிசா, கென்யாவின் ஜோகூ, பெம்பே போன்ற பைகள் கிடைக்கும். கென்ய மாவு உகாலி என்ற அந்த ஊர்க் களிக்கு அரைத்தது என்றாலும் ன்ஷிமாவுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

கடையில் ஏமாறும் இடங்கள் மூன்று உண்டு. பொலெண்டா என்று விற்பது குருணை. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பிசைந்து உருட்டும் பதத்துக்கு வராது. மெக்சிக்கோக்காரர்களின் மாசா மாவு சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்தது. அதன் வாசனை வேறு, பிசுபிசுப்பும் அதிகம். வெனிசுவேலா பக்கத்து பான் மாவு ஏற்கெனவே வெந்தது என்பதால் கட்டி விழாது, ஆனால் கஞ்சிப் பருவம் இல்லாமலேயே இறுகிவிடும், சுவை தட்டையாக இருக்கும். அவசரத்துக்குக் கைகொடுக்கும், விருந்துக்கு வேண்டாம்.

பச்சை வாசனைக்கும் கட்டிக்கும் காரணம் செய்முறைதான். ன்ஷிமா இரண்டு கட்டமாக வேகிறது. முதலில் கஞ்சி, பிறகுதான் களி. கொதிநீரில் உலர்ந்த மாவை நேராகக் கொட்டினால் ஒவ்வொரு கட்டிக்கும் வெளிப்பக்கம் உடனே வெந்து தோலாகிவிடும். தண்ணீர் உள்ளே போகாது. எவ்வளவு கிளறினாலும் நடுவில் பச்சை மாவு இருந்துகொண்டே இருக்கும்.

25 பேரில் 8 பிள்ளைகள் என்றால் 2 கிலோ மாவு போதும். ஒரே பானையில் செய்ய நினைக்காதீர்கள். கடைசிக் கட்டத்தில் அந்த அளவைக் கிளற இரண்டு ஆள் பலம் வேண்டும், அடியும் பிடிக்கும். மூன்று தடவையாகச் செய்யுங்கள். ஒரு தடவைக்குத் தண்ணீர் 2.1 லிட்டர், மாவு 670 கிராம். பானை அடி கனத்த அலுமினியமாக, 6 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மாவில் 220 கிராமை 600 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை லிட்டரைக் கொதிக்கவிட்டு, ஒரு கையால் கிளறிக்கொண்டே கரைசலை ஊற்றுங்கள். நாலைந்து நிமிடத்தில் கஞ்சி திரண்டு கொப்பளிக்கும். கொப்பளிக்கும் கஞ்சி தெறித்துக் கையைச் சுடும், எனவே மூடியை ஒருச்சாய்த்து மூடி, தீயைக் குறைத்து 15 நிமிடம் விடுங்கள். பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். 5 நிமிடத்தில் இறக்கிய கஞ்சியில் பச்சை மணம் அப்படியே தங்கிவிடும், பின்னால் என்ன செய்தாலும் போகாது.

பிறகு மீதி 450 கிராம் மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளற வேண்டும். வட்டமாகச் சுற்றினால் மட்டும் போதாது. கரண்டியின் முதுகால் பானையின் பக்கச் சுவரில் வைத்து அழுத்தித் தேய்த்து, திரும்ப நடுவுக்கு இழுக்க வேண்டும். கட்டி உடைவது இந்த அழுத்தத்தில்தான். ஒரு 20 கிராம் மாவை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பை மாவும் தண்ணீர் குடிக்கும் அளவு வேறு. ஈரக்கையால் கிள்ளி உருட்டினால் விரலில் ஒட்டாமல் வந்தால் பதம். ஒட்டினால் மிச்ச மாவைப் போடலாம். வெடித்துப் பிளந்தால் மாவு கூடிவிட்டது, அரைக் கப் வெந்நீர் தெளித்து மறுபடி அழுத்திக் கிளறுங்கள். பிறகு மூடி, மிகக் குறைந்த தீயில் 5 நிமிடம் புழுங்கவிட வேண்டும். உப்பு போடக் கூடாது. உப்பெல்லாம் பக்கக் கறியில்தான்.

இங்கு பிறந்த பிள்ளைகள் முதன்முறை சாப்பிடப் போகிறார்கள் என்பதால் இதை இத்தனை நீட்டிச் சொல்கிறேன். முதல் கவளம் மாவு மணத்தோடு வாய்க்குப் போனால், ஊரைப் பற்றிப் பெற்றோர் எத்தனை ஆசையாகச் சொன்னாலும் அந்தப் பிள்ளை இன்னொரு தடவை அந்தத் தட்டுப் பக்கம் வராது.

லுசாக்காவாசி:

மேலே சொன்ன முறை சரி. ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். மாவிலேயே தரம் உண்டு. பிரேக்ஃபாஸ்ட் மீல் என்பது தவிடும் முளையும் நீக்கி நைசாக அரைத்தது, வெள்ளை வெளேரென்று இருக்கும். ரோலர் மீல் சற்றுக் கரடு, மங்கிய நிறம், சோள வாசனை கூடுதல். எதையும் நீக்காமல் அரைத்தது முகாய்வா. "அந்த ருசி வரவில்லை" என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லும்போது பாதி நேரம் செய்முறையில் குறை இருக்காது, சின்ன வயதில் சாப்பிட்ட தரம் வேறாக இருக்கும். ஆசிரியர் குடியிருப்புகளில் பெரும்பாலும் பிரேக்ஃபாஸ்ட் மீல்தான். வீட்டு வேலைக்கு வந்தவர்களின் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளின் நாக்கில் நிற்பது ரோலர் மீல். வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ரோலர் மீல் அங்கே கிடைக்காவிட்டால் நைஸ் மாவில் மூன்றில் ஒரு பங்கு முழுத்தானிய வெள்ளை மக்காச்சோள மாவு கலந்தால் நெருங்கி வரும். தண்ணீர் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும், கஞ்சிப் பருவத்தை 20 நிமிடம் ஆக்குங்கள்.

கிட்வே, ந்டோலா உள்ள செப்புச் சுரங்கப் பகுதியான காப்பர்பெல்ட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தர வித்தியாசம் வெறும் சமையல் விஷயமாக இருக்காது. 1986 டிசம்பரில் பிரேக்ஃபாஸ்ட் மீலுக்கான அரசு மானியம் நீங்கி விலை இருமடங்கைத் தாண்டியது. ரோலர் மீல் மானியத்தோடு தொடரும் என்றார்கள், ஆனால் கடைகளில் அது கண்ணில் படவில்லை. கிட்வேயிலும் மற்றச் சுரங்க நகரங்களிலும் கலவரம் வெடித்தது, உயிர்ச்சேதம் ஆனது, அதிபர் கவுண்டாவின் அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. அந்த வயதில் அங்கே இருந்தவர்கள் மேசையில் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இனி இஃபிசாஷி. கீரையாகக் கடுகு இனத்து ரேப் இலை கிடைக்காது என்று கவலை வேண்டாம். கனடாவில் காலர்ட் கிரீன்ஸ் நன்றாகப் பொருந்தும். போண்ட்வே என்று சாம்பியாவில் சொல்வது நம் தண்டுக்கீரை இனம், தமிழ்க் கடையிலேயே இருக்கும். கலெம்புலா என்பது சர்க்கரைவள்ளி இலை, சீன, பிலிப்பைன்ஸ் கடைகளில் தேடுங்கள். சிப்வாப்வா பூசணி இலை, அக்டோபர் கடைசியில் உங்கள் ஊரில் உறைபனி விழுந்திருக்கும், உறைய வைத்தது இருந்தால் வாங்குங்கள். புது இலை கிடைத்தால் காம்பை ஒடித்து நாரை இலையின் முதுகு வரை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அறுக்கும். கட்டாப்பா, அதாவது மரவள்ளி இலை, இடித்து உறைய வைத்ததை வாங்கினாலும் மூடாமல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். அதில் சயனைடு தரும் பொருள் உண்டு, அவசரம் கூடாது.

25 பேருக்குக் கீரை 3 கிலோ, நிலக்கடலை 750 கிராம், தக்காளி 1 கிலோ, வெங்காயம் அரைக் கிலோ. கடலை பச்சையாக இருக்க வேண்டும், வறுத்தது கூடாது. வறுத்ததில் செய்தால் சட்னி வாசனை வந்துவிடும். மிக்ஸியில் 100 கிராம் 100 கிராமாக, விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கசிந்து விழுதாகிவிடும், விழுது கீரையில் பரவாமல் உருண்டை உருண்டையாக நிற்கும்.

கீரையை நறுக்கி, தக்காளி, வெங்காயம், உப்பு, ஒரு லிட்டர் தண்ணீரோடு 10 நிமிடம் வேகவிட்டு, கடலைப் பொடியைத் தூவிக் கலந்து, சிறுதீயில் 25 முதல் 30 நிமிடம். முதல் சில நிமிடம் நுரைத்துப் பொங்கும், பானையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். பிறகு அடிபிடிக்கத் தொடங்கும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை துழாவ வேண்டும். மேலே எண்ணெய் மினுங்கி, கடலையின் பச்சைச் சுவை போனால் இறக்கலாம்.

எண்ணெய் ஊற்ற வேண்டாம். கடுகு தாளிக்க வேண்டாம். கறிவேப்பிலை, மிளகாய்த்தூள், பூண்டு எதுவுமே வேண்டாம். நம் கை தானாக அங்கே போகும் என்பதால்தான் சொல்கிறேன். தாளித்த உடனே அது நல்ல கடலைக் கூட்டு ஆகிவிடும், இஃபிசாஷியாக இருக்காது.

இன்னொன்று. எம்பாவுலா கரி அடுப்பில் செய்தால்தான் பழைய வாசனை வரும் என்று யாராவது கரியைப் பற்றவைக்கக் கிளம்புவார்கள். திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும், கதவு பாதி திறந்திருந்தாலும் அதுதான்.

கிட்வே_ஸ்காபரோ:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ரோலர் மீல் விஷயம் கேட்டுப் பாத்தன், ஆட்கள் சரிபாதியாப் பிரிஞ்சு நிக்கினம். மண்டபத்தில சமைக்க விடமாட்டினம். வீட்டில மத்தியானம் 2 மணிக்குச் செய்து 5 மணிக்குத்தான் பரிமாறலாம். ன்ஷிமா ஆறினால் கல்லாகுமே?

லெஸ்டர்_அடுப்படி:

ஆறினால் கல்லாகும், மைக்ரோவேவில் வைத்தால் விளிம்பு காயும், நடு இளகாது. எனவே ஆறவே விடக் கூடாது. ஐஸ் வைக்கும் பெரிய கூலர் பெட்டியை எடுத்து, கொதிநீர் ஊற்றி மூடி 15 நிமிடம் வைத்து, கொட்டிவிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். ன்ஷிமாவை ஈரக் கரண்டியால் வெட்டி ஆளுக்கு இரண்டு உருண்டையாக, மூடியுள்ள பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்குங்கள். உருண்டைக்கும் மூடிக்கும் நடுவே சுத்தமான பருத்தித் துணி ஒன்று விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் சேரும் ஆவி சொட்டி மேல்பக்கம் கொழகொழத்துவிடும். பாத்திரத்தைத் தடித்த துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளி எல்லாம் துணியால் அடைத்துவிட்டால் மூன்று மணி நேரம் தாங்கும். முடிந்தால் கடைசித் தடவையை மட்டும் 4 மணிக்குக் கிளறிக் கொண்டுபோங்கள், பெரியவர்களுக்கு அதைக் கொடுக்கலாம். கறிகளை 2 மணிக்குச் செய்து சூடாக்கிக்கொள்வதில் பிரச்சினை இல்லை.

களித்துடுப்பு_கோவை:

சாம்பியாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். இங்கே கடையில் "கார்ன் ஃப்ளவர்" என்று கிடைப்பது ஸ்டார்ச், அதில் ன்ஷிமா வராது, கண்ணாடிப் பசைதான் வரும். "வெள்ளைச் சோள மாவு" என்ற பையும் மக்காச்சோளம் இல்லை. வெள்ளை மக்காச்சோளம் வாங்கி, ஈரத்தில் பிசறி அரை மணி நேரம் வைத்து, தோல் நீக்கி, நன்றாகக் காயவைத்து மாவு மில்லில் அரைப்பதுதான் வழி. அரைத்த மாவைக் கோதுமைச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

கிளற, சாம்பியாவின் தட்டையான மரக்கரண்டி உம்விகோ இல்லையென்றால் கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பு அதே வேலையைச் செய்யும். சிலிக்கான் கரண்டி வளையும், உதவாது.

கப்பெண்டாவுக்கு வருவோம். அது தாங்கனிக்கா ஏரியின் நன்னீர் மீன். கரீபா ஏரியில் 1960களின் இறுதியில் கொண்டுவந்து விட்டார்கள், அங்கே பெருகியது. வெயிலில் உலர்த்தியது, உப்பு குறைவு. நெத்திலிக் கருவாடு கடல்மீன், உப்பு அதிகம். அளவிலும் கடிபடும் விதத்திலும் நெருங்கி வரும், எனவே தாராளமாக மாற்றலாம், ஆனால் உப்பை இறக்க வேண்டும். கப்பெண்டா என்றால் வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து மணல் போக இரண்டு தடவை அலசினால் போதும். நெத்திலியை 20 நிமிடம், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி ஊறவையுங்கள். தலை கிள்ளினால் கசப்பு குறையும். கென்யக் கடைகளில் வரும் ஒமேனா விக்டோரியா ஏரியின் வேறு மீன், கசப்பு கூடுதல், அதில் தலையையும் குடலையும் எடுத்தே ஆக வேண்டும்.

25 பேருக்கு உலர்மீன் 600 கிராம். ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, எண்ணெயில் 200 கிராம் வீதம் மொறுமொறுப்பாகப் பொரியுங்கள். ஈரத்தோடு மொத்தமாகப் போட்டால் வெந்து உதிர்ந்து மீன் பொடியாகிவிடும். வேறு சட்டியில் அரைக் கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி குழைய வதக்கி, பொரித்த மீனைக் கடைசியில் சேர்த்து 3 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். புளி சேர்க்காதீர்கள்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு டெலெலே செய்யலாம், மலிவு, 15 நிமிட வேலை. வெண்டைக்காய் ஒரு கிலோவைப் பொடியாக நறுக்கி, முக்கால் லிட்டர் கொதிநீரில் ஒன்றரை தேக்கரண்டி ஆப்பச் சோடா போட்டு, தக்காளி இரண்டு, உப்பு சேர்த்து 10 நிமிடம் மூடாமல் கொதிக்கவிடுங்கள். சோடா வெண்டையைக் குழைத்து வழுவழுப்பைக் கூட்டும், பச்சை நிறமும் நிற்கும். நம் வீட்டில் அந்த வழுவழுப்பைப் போக்கத்தான் வதக்குவோம், இங்கே அதுதான் வேண்டும், ன்ஷிமா வழுக்கிக்கொண்டு இறங்கும். சோடா கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும், அளந்தே போடுங்கள்.

லுசாக்காவாசி:

சிக்காண்டா பற்றி யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து கொண்டுவர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அது காட்டு ஆர்க்கிட் செடியின் கிழங்கை இடித்த மாவு. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருவது, ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, கிழங்கைத் தோண்டினால் செடி போயிற்று. வடக்குப் பகுதிக் காடுகளில் வேகமாகக் குறைந்துவருகிறது. அந்தச் சுவைக்கு ஏங்குகிறவர்கள் லுசாக்கா வரும்போது சந்தையில் ஒரு துண்டு சாப்பிட்டுக்கொள்ளட்டும். உலர்மீன், வறுத்த கம்பளிப்புழு போன்ற எதைக் கொண்டுவந்தாலும் கனடாவில் இறங்கும்போது சுங்கத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். புறப்படும் முன் கனடாவின் உணவு ஆய்வுத் துறை விதியையும் பார்த்துக்கொள்ளட்டும்.

குடிக்க முன்கோயோ என்ற இளம்புளிப்புச் சோளக்கஞ்சிப் பானம் கேட்பார்கள். அதற்கான ரின்கோசியா வேர் உங்கள் ஊரில் கிடைப்பது கடினம். வேர் செய்யும் வேலை ஒன்றுதான், வெந்த மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை நீர்க்கச் செய்து இனிப்பாக்குவது. முளைகட்டிய கேழ்வரகும் அதையே செய்யும். 5 லிட்டர் தண்ணீரில் 500 கிராம் மீலி மீலைக் கரைத்து, கிளறிக்கொண்டே அரை மணி நேரம் வேகவைத்து, 60 பாகை அளவுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய கேழ்வரகு மாவு 125 கிராமைக் கலக்குங்கள். ஒரு மணி நேரத்தில் கெட்டிக் கஞ்சி பால் பதத்துக்கு இளகும். இளகாவிட்டால் மாவு வறுத்தது என்று அர்த்தம். கடையில் சத்துமாவுக்கென்று வருபவை பெரும்பாலும் வறுத்தவை, வறுத்ததில் அந்த நொதி செத்துவிடும். வீட்டில் முளைகட்டி நிழலில் உலர்த்தி அரைப்பது நிச்சயம். கொதிக்கும் கஞ்சியில் போட்டாலும் அதே கதிதான். துணியில் வடிகட்டி, அறைச் சூட்டில் ஒரு நாள் வைத்தால் இளம்புளிப்பு வரும், பிறகு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பிள்ளைகளும் குடிப்பதால் இரண்டாம் நாள் வரை வெளியே விடாதீர்கள், மதுவாகத் தொடங்கிவிடும்.

ந்டோலா_மாமரம்:

சமையலை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், பரிமாறுவது பற்றிக் கொஞ்சம். கைகழுவும் தண்ணீரைக் குழாய்க்கு அனுப்பாமல் சாம்பியா வழக்கப்படி செய்யுங்கள். இளையவர்கள் செம்பும் தட்டமும் கொண்டுவந்து, வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்கி ஊற்றுவார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இங்கு பிறந்த எட்டுப் பிள்ளைகளிடமும் இந்த வேலையைக் கொடுத்தால், ஒருவர்கூட ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். காப்பர்பெல்ட் ஆட்கள் என்பதால் பெம்பா மொழியில் "முலி ஷானி" என்று நலம் கேட்பதையும் "நத்தோத்தேலா" என்று நன்றி சொல்வதையும் முன்தினமே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது சற்றுத் தாழ்ந்து, இரண்டு கைகளையும் குவித்து மெல்லத் தட்ட வேண்டும், படபடவென்று தட்டுவது மரியாதை ஆகாது.

சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் இன்றைய வரைபடத்தை ஊர் வாரியாக அச்சிட்டு, கிட்வேயில் பார்க்லண்ட்ஸ், ரிவர்சைடு, ந்டோலாவில் கன்சென்ஷி, இத்தாவா என்று பகுதிப் பெயர்களைப் பெரிதாக எழுதிவிட்டால், ஆட்கள் தாங்கள் இருந்த வீடு, பள்ளி, சந்தை எல்லாவற்றையும் குண்டூசி குத்திக் காட்டுவார்கள். அறுபதுகளில் அங்கே இருந்த முதியவர்கள் வந்தால் பழைய பெயர்களும் பக்கத்தில் வேண்டும். கப்வே அவர்களுக்கு புரோக்கன் ஹில், சிபாட்டா ஃபோர்ட் ஜேம்சன், சிலிலபோம்ப்வே பான்கிராஃப்ட். பழைய படங்களுக்குப் பின்பக்கம் எழுதியிருப்பது அந்தப் பெயர்களில்தான்.

அங்கே போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சும் அன்று கட்டாயம் எழும். ஜக்கரண்டா பூப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரை. ஆனால் அதே அக்டோபரில் விக்டோரியா அருவியின் சாம்பியாப் பக்கம் பெரும்பகுதி வெறும் பாறையாக இருக்கும், வெயிலும் வருடத்திலேயே உச்சம். அருவியில் தண்ணீர் நிறைந்து வருவது மார்ச் முதல் மே வரை, அப்போது சாரலில் எதிரே இருப்பது தெரியாது. இரண்டும் ஒரே பயணத்தில் அமையாது. அருவியும் பாதியாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், குளிரும் பரவாயில்லை என்றால் ஜூன், ஜூலை. மாம்பழம் வேண்டும் என்பவர்கள் டிசம்பரில் போகட்டும், அது மழைக்காலம், மண்சாலைகளில் கார் இறங்காது.